வண்டு வரும் வழியில் பூஞ்சை

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பெக்கான் தோட்டக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். கோடையில் காய்ந்து இறுகிய மண் அந்த மழையில் இளகும். ஓராண்டுக்கும் மேலாக மண்ணுக்குள் அடைந்து கிடக்கும் கூன்வண்டுகள் இதற்குத்தான் காத்திருக்கின்றன. மழை விட்ட சில நாட்களில் அவை மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து மரத்தைத் தேடிப் போகும்.

பெக்கான், வால்நட்டின் நெருங்கிய உறவு. வட அமெரிக்காவுக்கே உரிய மரம். இப்போது நம் ஊர்ப் பெரிய கடைகளிலும் பாதாம், முந்திரிக்குப் பக்கத்தில் அதன் பருப்பு கண்ணில் படுகிறது. அமெரிக்கப் பெக்கான் விளைச்சலில் ஜார்ஜியா முன்வரிசை மாநிலம். அங்கே அந்த மரத்தின் முதல் எதிரி 'குர்குலியோ கார்யே' என்ற கூன்வண்டு. நம் தென்னைக்குள் குடைந்து போகும் சிவப்புக் கூன்வண்டுக்குத் தூரத்துச் சொந்தம். உடல் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பெண் வண்டின் மூக்கு மட்டும் அந்த உடலைவிட நீளம். மூக்கின் நுனியில்தான் வாய். காய்க்குள் பருப்பு திரளத் தொடங்கும்போது அந்த நீள மூக்கால் ஓட்டைத் துளைத்து, உள்ளே இரண்டு முதல் நான்கு முட்டைகளை வைத்துவிடும். பொரிந்து வரும் புழு பருப்பைத் தின்று தீர்க்கும். பிறகு ஓட்டில் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில், விளிம்பு பிசகாத ஒரு வட்டத் துளை போட்டு வெளியே வந்து கீழே விழும். அந்தத் துளையைக் கவனிக்காதவருக்குக் காய் முழுசாகத்தான் தெரியும். உடைத்துப் பார்த்தால் பருப்பு இருந்த இடத்தில் பழுப்புத் தூள்.

விழுந்த புழு 10 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணுக்குள் இறங்கி, தனக்கென்று ஒரு சிறு மண்கூடு அமைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்தான் கூட்டுப்புழுவாகி வண்டாக மாறும். மாறிய பிறகும் வெளியே வராமல் அடுத்த கோடைவரை அங்கேயே கிடக்கும். பத்தில் ஒரு பங்குப் புழுக்கள் இன்னும் ஓராண்டு கூடுதலாகப் புழுவாகவே தங்கிவிடும். ஆக, ஓர் ஆண்டு தோட்டத்தைச் சுத்தமாகக் காப்பாற்றினாலும் மண்ணுக்குள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான வண்டு இருப்பில் இருக்கும்.

இதற்குத் தோட்டக்காரர்கள் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்த மருந்து கார்பரில். இந்தப் பெயர் நமக்கு அந்நியமல்ல. போபால் ஆலையில் தயாரானது இதே கார்பரில்தான். அங்கே அதன் வணிகப் பெயர் செவின். 1984 டிசம்பரில் கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மெத்தில் ஐசோசயனேட், அதைத் தயாரிக்க வைத்திருந்த மூலப்பொருள். தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புக்காரர்கள் காண்டாமிருக வண்டுக்காக மணலோடு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போட்டுவந்த செவிடால் குருணையிலும் இருந்தது கார்பரில்தான், கூடவே லிண்டேன். இந்தியாவில் கார்பரிலுக்கு 2018இல் தடை வந்தது. அமெரிக்கப் பெக்கான் தோட்டங்களில் கார்பரிலால் எழுந்த தலைவலி வேறு வகை. கூன்வண்டுக்கு அடித்தால், அசுவினியையும் சிலந்திப்பேனையும் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பொறிவண்டு போன்ற நல்ல பூச்சிகளும் சேர்ந்து செத்துப்போகும். கூன்வண்டு குறைந்த கையோடு அசுவினி பெருகும். அதற்கு இன்னொரு மருந்து. செலவுக்கு மேல் செலவு.

ஜார்ஜியாவில் பைரன் என்ற ஊரில் அமெரிக்க வேளாண் துறையின் பழ, கொட்டை மர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டேவிட் ஷாபிரோ-இலான் என்ற பூச்சியியலாளரும் அவருடைய சகாக்களும் அங்கே இந்தக் கூன்வண்டுக்கு உயிரிகளைக் கொண்டு வழி தேடிவந்தார்கள். பெக்கான் தோட்ட மண்ணை எடுத்துச் சோதித்தபோது, பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகள் அதிலேயே இயற்கையாக வாழ்வது தெரிந்தது. அவற்றில் ஒன்று பெவேரியா பேசியானா. நம் வேளாண் மையங்களில் பொட்டலமாகவும் பாட்டிலிலும் கிடைக்கும் அதே பெவேரியா.

அது எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் பி.டி. பாக்டீரியா வேலை செய்ய வேண்டுமென்றால் புழு அதைத் தின்றாக வேண்டும். பூஞ்சைக்கு அது தேவையில்லை. பூச்சியின் தோலில் ஒட்டினால் போதும். பெவேரியாவின் வித்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவே இருக்கும். அதன் மேற்பரப்பு தண்ணீரை விலக்கும் தன்மை கொண்டது. மெழுகு பூசிய பூச்சித் தோலும் அப்படியே என்பதால் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஈரம் கிடைத்தால் ஒரு நாளுக்குள் வித்து முளைக்கும். முளையின் நுனி தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொழுப்பு, புரதம், கைட்டின் ஆகியவற்றைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். கரைந்த இடத்தில் அழுத்தம் கொடுத்து உள்ளே நுழையும். வண்டின் முதுகோடு கடினமானது. கால் மூட்டு, கழுத்து, வயிற்று வளையங்களின் இடுக்கு போன்ற மெல்லிய இடங்கள்தான் பூஞ்சைக்கு வாகு.

உள்ளே போனதும் அதன் உருவமே மாறிவிடும். நூலாக வளர்வதை விட்டுவிட்டு, தனித்தனிச் செல்களாகப் பூச்சியின் இரத்தத்தில் மிதந்து பெருகும். சத்தை உறிஞ்சும், நச்சுகளை வெளிவிடும். மூன்றிலிருந்து பத்து நாட்களில் பூச்சி செத்துவிடும். அப்படிச் செத்த பூச்சி மற்றவை போல அழுகுவதில்லை. பாக்டீரியாக்களை அண்டவிடாத ஒரு செந்நிறப் பொருளைப் பெவேரியா சுரக்கிறது; தன் உணவைத் தானே கெடாமல் பார்த்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் மூட்டு இடுக்குகளில் முதலில் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும், பிறகு உடல் முழுவதும் வெண்மாவு படியும். அந்த மாவு முழுவதும் புதிய வித்துகள். காற்று வறண்டிருந்தால் எதுவும் வெளியே வராது. வண்டு வெறுமனே காய்ந்து கிடக்கும். பூஞ்சை வேலை செய்யவில்லை என்று விவசாயிகள் சொல்வதில் ஒரு பகுதி இந்தக் காய்ந்த வண்டுகளால் வந்த எண்ணமாக இருக்கலாம்.

இந்தப் பூஞ்சையை முதலில் கண்டுபிடித்தவர்கள் அதை எதிரியாகத்தான் கண்டார்கள். இத்தாலியின் லோடி பகுதியில் பட்டுப்புழு வளர்த்தவர்களை ஒரு நோய் வாட்டியது. செத்த புழு சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து இறுகிவிடும். சட்டம் படித்த, பார்வைக் குறைவுள்ள அகோஸ்டினோ பாசி என்பவர் 1807 வாக்கில் இதை ஆராயத் தொடங்கினார். பல ஆண்டுகள் தவறான திசையில் தேடினார். கடைசியில் 1835இல், புழுவிலிருந்து புழுவுக்குத் தொற்றும் ஓர் உயிருள்ள நுண்பூஞ்சைதான் காரணம் என்று நூல் வெளியிட்டார். நோயை உண்டாக்குவது நுண்ணுயிர் என்று லூயி பாஸ்டரும் ராபர்ட் காக்கும் நிறுவுவதற்குப் பல பத்தாண்டுகள் முந்திய சேதி இது. பேசியானா என்ற பெயரில் இருப்பது பாசியின் பெயர்தான். பள்ளிப் புத்தகங்களில் அவருக்கு இடமில்லாமல் போனது அநியாயம் என்றே சொல்வேன்.

நோயைக் கருவியாக்கும் யோசனை இன்னொருவருக்கு வந்தது. பின்னாளில் நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற இல்யா மெச்னிகோவ், 1879இல் ஒடெசாவில் கோதுமையைத் தாக்கிய வண்டுகளில் ஒரு பச்சைப் பூஞ்சையைக் கண்டார். மெட்டாரைசியம் என்று இப்போது அழைக்கப்படுவது அதுதான். அதை வளர்த்து வயலில் தூவலாம் என்றார். 1884இல் உக்ரைனின் ஸ்மிலாவில் கிரசில்ஷிக் என்பவர் அதன் வித்துகளை மொத்தமாக உற்பத்தி செய்து சர்க்கரைக் கிழங்குக் கூன்வண்டின் மீது பயன்படுத்தினார்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நடந்த கதை இவ்வளவு நம்பிக்கை தருவதல்ல. எனக்கு அதிகம் பாடம் சொல்வதும் அதுதான். 1890களில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்த பிரான்சிஸ் ஸ்னோ, கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் சாறு உறிஞ்சிய சின்ச் பூச்சிக்கு வெள்ளைப் பூஞ்சையை மருந்தாக்கினார். நோய் பிடித்த பூச்சிகள் மாநிலம் முழுவதும் விவசாயிகளுக்கு அனுப்பப்பட்டன. அரசு பணம் கொடுத்தது, விவசாயிகள் பூச்சி சாவதாகக் கடிதம் எழுதினார்கள். 1911இல் பில்லிங்ஸ், கிளென் என்ற இருவர் வயல்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள்: பூஞ்சை ஏற்கெனவே எல்லா வயல்களிலும் தாராளமாக இருக்கிறது, ஈரமான பருவத்தில் தானாகவே பரவிக் கொல்கிறது, வறண்ட பருவத்தில் எவ்வளவு தூவினாலும் பயனில்லை. இத்தனை ஆண்டு வேலையும் வீண். இருக்கிற இடத்திலேயே இருப்பதை மேலும் கொண்டு கொட்டியிருக்கிறார்கள்.

பூஞ்சையை மருந்துக்கடைச் சரக்காகப் பார்த்து, இன்ன ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று அடிப்பவர்கள் இன்றும் கன்சாஸ் தவறைத்தான் செய்கிறார்கள். வெயிலில் இலைமேல் கிடக்கும் வித்தைப் புற ஊதாக் கதிர்கள் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். ஈரமில்லாமல் அது முளைக்காது. பூச்சி வந்து தொடாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. அதனால் அளவைவிட இடமும் வேளையும் முக்கியம். வண்டு எங்கே ஊர்கிறது, எப்போது ஊர்கிறது, அந்த இடத்தில் நிழலும் ஈரமும் உண்டா? பைரன் ஆய்வாளர்களின் வேலை எனக்குப் பிடித்திருப்பது, அவர்கள் இந்தக் கேள்விகளை முதலில் கேட்டார்கள் என்பதால்.

பெக்கான் கூன்வண்டின் வாழ்க்கையில் பூஞ்சைக்கு வசதியான இடங்கள் இருக்கின்றன. மண்ணிலிருந்து வெளியேறும்போது அது மேல்மண்ணைக் கடந்தாக வேண்டும். வெளியே வந்தவற்றில் பெரும்பாலானவை முதலில் அடிமரத்துக்கு வந்து மேலே ஏறும். ஒரு பகுதிதான் நேரே கிளைக்குப் பறக்கும். தோட்டக்காரர்கள் அடிமரத்தில் கம்பிவலைப் பொறி கட்டி வண்டுகளை எண்ணுவதும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான். இன்னொன்று: வெளியே வந்த பெண் வண்டு அன்றைக்கே முட்டை வைக்காது. சில நாள் காயைத் தின்று, கூடிய பிறகே வைக்கும். மெதுவாகக் கொல்லும் பூஞ்சைக்கு அந்தச் சில நாள் பெரிய சலுகை. அடிமரத்தில் வித்து ஒட்டிய வண்டு முட்டை வைக்கும் முன்பே நோயில் விழ வாய்ப்புண்டு.

எனவே அவர்கள் மரம் முழுவதும் அடிப்பதை விட்டு, அடிமரத்திலும் மரத்தைச் சுற்றிய தரையிலும் பூஞ்சையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வெயிலிலிருந்து காக்கும் கலவையோடு தெளித்தார்கள். பூஞ்சை வளர்த்த நார்ப்பட்டையை அடிமரத்தில் சுற்றினார்கள். பெக்கான் மரத்தின் பட்டை செதில் செதிலாக உரிவது. அந்த இடுக்குகள் வித்துக்கு நிழல். வண்டை மண்ணிலிருந்து கிளப்பிவிடும் அதே மழை பூஞ்சையையும் முளைக்க வைக்கும். இத்தனை பொருத்தம் எல்லாப் பூச்சிக்கும் அமையாது.

அமைந்தும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெக்கானுக்குச் 'ஸ்கேப்' என்ற சொறிநோய் வரும். அதுவும் ஒரு பூஞ்சையால் வருவது. ஜார்ஜியாவின் ஈரக் காற்றில், ஒரு பருவத்தில் பத்து முறைக்கு மேல்கூடப் பூஞ்சைக்கொல்லி அடிக்கிறார்கள். அந்த மருந்துகளில் சில பெவேரியாவையும் பாதிக்கும். மரத்தைக் காக்க அடிப்பது, மரத்தைக் காக்க வந்ததைக் கொல்லும். எந்தப் பூஞ்சைக்கொல்லி எவ்வளவு கெடுதல் என்று தனியே சோதிக்க வேண்டியதாயிற்று. வேறொரு வழியும் தெரிந்திருக்கிறது. பெவேரியாவைப் பெக்கான் நாற்றுகளின் திசுவுக்குள்ளேயே குடியேற்ற முடிகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நாற்றுகளில் அசுவினி பெருகுவதும் குறைந்தது. நாற்றில் நடந்தது முப்பதடி மரத்தில் நடக்குமா என்பது வேறு விஷயம்.

இனி நம் தோப்புக்கு வருவோம். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டும் இதே கணக்கில் வருகிறது, இன்னும் சாதகமாகவே. வளர்ந்த வண்டு குருத்தைத் துளைத்து உள்ளே போகும். குருத்து விரியும்போது ஓலைகளில் முக்கோண வெட்டுகள் தெரிவது அதனால்தான். அங்கே பூஞ்சையைத் தெளித்துப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. உயரம், வெயில், காற்று எல்லாமே எதிர். ஆனால் இந்த வண்டு மரத்தில் முட்டை வைப்பதில்லை. எருக்குழியிலும், மக்கிப்போன தென்னங்கட்டையிலும், உரக்குவியலிலும் வைக்கிறது. புழு மாதக்கணக்கில் அங்கேயே தின்று கொழுக்கிறது. எருக்குழிக்குள் வெயில் இல்லை, ஈரம் உண்டு, பூச்சி விட்டுப் போவதுமில்லை. மெச்னிகோவ் கண்ட பச்சைப் பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் எருக்குழியைத்தான் சொல்கிறது. 250 மில்லி மெட்டாரைசியம் வளர்ப்புக் கரைசலை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருக்குழியில் தெளிக்க வேண்டும். நோய் பிடித்த புழு முதலில் மந்தமாகி, செத்து விறைத்து, வெள்ளையாகி, பிறகு பச்சைப் பொடி பூத்துக் கிடக்கும். பொடி உதிர்ந்து எருவில் கலந்து அடுத்த புழுவுக்குக் காத்திருக்கும். முட்டை வைக்க வரும் தாய் வண்டும் தப்பாது. கேரளத்தில் பெண்கள் குழுக்கள் இந்தப் பூஞ்சையை அரைவேக்காட்டு அரிசியில் தாங்களே வளர்த்து ஊரிலுள்ள எருக்குழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்கச் செய்வதில்தான் பயன். பக்கத்துத் தோப்பில் எருக்குழி அப்படியே கிடந்தால் வண்டு அங்கிருந்து பறந்து வரும்.

வெள்ளை ஈ விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்டுத் தமிழ்நாட்டுத் தோப்புகளை ஆட்டிவைக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈக்கு, ஐசேரியா என்ற பூஞ்சையின் ஒரு வகையைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் கொடுத்திருக்கிறது. அந்த ஈ இலையின் அடிப்பக்கத்தில் இருப்பதால் பூஞ்சை நேர் வெயிலிலிருந்து கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனாலும் ஓலை ஓலைதான், எருக்குழி அல்ல. மழையும் மூடிய வானமும் உள்ள நாட்களில் அடித்தால் ஒரு பலன், ஏப்ரல் வெயிலில் அடித்தால் வேறு பலன்.

வாங்குபவர்கள் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பதிவு விதிப்படி ஒரு கிராமில் அல்லது மில்லியில் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இல்லாத பொட்டலத்தைத் தொடவேண்டாம். கடையில் வெயில் படும் அலமாரியில் இருந்ததையும் வேண்டாம். வாங்குவது உயிருள்ள பொருள். மாலையில் தெளிப்பது நல்லது. அதே தொட்டியில் பூஞ்சைக்கொல்லி கலக்கக் கூடாது. போர்டோ கலவையோ காப்பர் ஆக்சிகுளோரைடோ அடித்தால் இடைவெளி விட வேண்டும். மனித உடலின் 37 டிகிரி வெப்பத்தில் இந்தப் பூஞ்சைகள் சரியாக வளர்வதில்லை என்பதால் நமக்குப் பொதுவாக ஆபத்தில்லை. இருந்தாலும் வித்துத்தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். முகமூடி அணியுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலை, தேனிப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தால், பட்டுப்புழுவையும் கொல்லக்கூடிய பெவேரியாவைக் கையில் எடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், பூஞ்சை வாங்கப் போகும் முன் எருக்குழியை ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிப் பாருங்கள். வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் மருந்து போட வேண்டிய இடம் அதுதான், மரத்தின் உச்சி அல்ல.